இரண்டு சான்று, ஒரு பேனை

போன வாரம் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக் கலைவிழாக் கூத்தை எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்ததாக நாலைந்து பேர் வழியில் மறித்துச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு முற்பகல். சோளகக் காற்று பனையோலைகளைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. படலைக் கொண்டி தூக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். புவனம் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

புவனம் எங்கள் ஊர்க்காரி. வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்; பிள்ளையார் கோயிலைத் தாண்டி நாலாவது வளவு அவளுடையது. என்னைவிட ஆறேழு வயது இளையவள். நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமப் பொட்டு இருக்கும். அன்றைக்கு வெயிலில் மிதித்து வந்த வியர்வையில் அது மூக்குவரை கரைந்திருந்தது.

"இரும் புவனம், தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் ரீச்சர். இது நீங்கள் எழுதினதோ?"

பொலித்தீன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். என் முதுகலை ஆய்வேட்டின் ஒரு பக்கம், போட்டோப் பிரதி. பின்னால் இணைத்திருந்த அட்டவணைகளில் ஒன்று. அதில் ஒரு வரியின் கீழே யாரோ சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள்: பாலேந்திரன், மகன், காலமானார்.

பாலேந்திரன் புவனத்தின் கணவர். யுத்தம் முடிந்த அந்த நாட்களில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். புவனம் கடைசியாகக் கண்டது அந்த பஸ்ஸின் பின்பக்கத்தை. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் ஏறாத அலுவலகப் படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள், அவரை எங்கே கொண்டுபோனீர்கள் என்று.

"நான் எழுதினதுதான்" என்றேன்.

"அவர் செத்துப்போனார் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

என் ஆய்வேட்டை இரண்டு பரீட்சகர்கள் வாசித்தார்கள். அவர்களில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"நேற்றுக் கூப்பிட்டவை" என்றாள். காணாமற்போனவர்களின் விஷயத்தைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தைச் சொன்னாள். "உங்கடை குடும்பமே மாமனாற்ரை நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்திலை அவரைக் காலஞ்சென்றவர் எண்டு போட்டிருக்கு, பல்கலைக்கழக ஆய்வும் அதையே சொல்லுது, நீங்கள் மட்டும் ஏன் நிண்டு பிடிக்கிறியள் எண்டு கேக்கினம். மரணச் சான்றிதழை எடுக்கட்டாம். வாற செவ்வாய்க்குள்ளை மறுத்து ஏதும் காட்டாட்டி ஃபைலை மூடுவினமாம்."

"மூடினால்?"

"மூடினால் பிறகு ஆரும் தேடமாட்டினம். இப்ப தேடினமோ எண்டும் தெரியாது. ஆனா அது திறந்து கிடக்குமட்டும், எங்கை கொண்டுபோனீங்கள் எண்டு கேக்க எனக்கு ஒரு இடம் இருக்கு ரீச்சர்."

அப்போதும் அவள் குரல் உயரவில்லை. கல்வெட்டில் அந்தச் சொல்லைப் போட்டது யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கணவரின் தங்கை யோகேஸ்வரி, எங்களுக்கு யோகம், லண்டனில் இருந்தவள்.

"மாமான்ரை கல்வெட்டுக்கு நான்தான் எழுதிக் குடுத்தனான். அதிலை அப்பிடி ஒரு சொல்லு இல்லை. மச்சாள் ரெலிபோனிலை அச்சகத்துக்குச் சொல்லி மாத்திப்போட்டா. 'அண்ணை இனி வரமாட்டார், காரியத்தைச் செய்' எண்டு அதுக்கு முதலும் சொன்னவதான். அண்டையிலை இருந்து நான் அவவோடை கதைக்கிறேல்லை. போன மாரியிலை அவவும் செத்துப்போனா. செத்தவவைக் குறை சொல்லக் கூடாது. ஆனா நீங்கள் ஏன் ரீச்சர்?"

### முன்வாங்கில் ஒரு கிழவி

அதற்குப் பதில் சொல்வதானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஓய்வுபெற ஆறு வருடம் இருக்கையில் எனக்கு முதுகலை படிக்கும் ஆசை வந்தது. "இந்த வயதிலை பட்டம் விடப் போறியோ" என்று வீட்டில் நக்கலடித்தார்கள். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. ஆராய்ச்சி முறையியல் படிப்பித்த விரிவுரையாளர் ஒரு காலத்தில் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவள். "ரீச்சர், நீங்கள் முன்வாங்கிலை இருந்தா எனக்குக் கை நடுங்குது" என்பாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மூலங்களைப் பற்றிய பாடம் இன்னும் நினைவில் இருக்கிறது. கரும்பலகையில் மூன்று வட்டம் கீறினாள். நல்லூர்த் தேரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் முதல்நிலை மூலம். அப்படிப் பல கடிதங்களை வைத்துப் பிறகு ஒருவர் ஆராய்ந்து எழுதிய கட்டுரை இரண்டாம் நிலை. அந்தக் கட்டுரைகளைச் சுருக்கிப் போட்ட கலைக்களஞ்சியம் மூன்றாம் நிலை.

"ஒரு கடுதாசி எந்த நிலை எண்டது நீங்கள் அதிட்டை என்ன கேக்கிறியள் எண்டதைப் பொறுத்தது" என்றாள். அதை நான் எழுதிக்கொண்டேன், விளங்காமல்.

பிறகு சொன்னாள்: "ஒரு சான்றை நம்பி எழுதாதேங்கோ. ரெண்டாவது வேணும். அந்த ரெண்டும் வேறை வேறை இடத்திலை இருந்து வந்ததோ எண்டும் பாருங்கோ." என் பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது சான்று வேண்டும் என்பதை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். மற்றப் பாதி கொப்பியில் இல்லை.

எங்கள் வகுப்பில் குருநகரிலிருந்து அன்ரன் என்றொரு தம்பி வந்தான். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி எழுதினான். அவனுடைய சொந்தச் சித்தப்பாவே அப்படிப் போனவர்.

"உடம்பு வரேல்லை. அதாலை எங்கடை வீட்டிலை இன்னும் கல்லறையிலை அவற்ரை பேர் வெட்டேல்லை ரீச்சர்" என்றான்.

"அப்ப உம்மடை அட்டவணையிலை அவரை எங்கை போட்டனீர்?"

"ஒரு நிரல் கூட்டினனான். 'தெரியாது' எண்டு."

அட்டவணை பார்வைக்கு அசிங்கமாகப் போய்விடும் என்று அவனுக்குப் புத்தி சொன்னேன். அவன் சிரித்தான்.

### செத்தவர் எல்லாரும் நல்லவர்

கல்வெட்டு என்றதும் கோயிற் சுவரில் உளியால் கொத்தியதை நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் சைவ வீடுகளில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். இறந்தவரின் படம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அதில் வரும்.

கல்வெட்டில் கெட்டவன் கிடையாது. நாள் முழுவதும் கள்ளுக் கொட்டிலில் கிடந்தவர் "நண்பர்களோடு கலகலப்பாகப் பழகும் பண்பாளர்" ஆகிவிடுவார். புருஷனோடு இருபது வருடம் முகம் கொடுத்துப் பேசாத மனுசி, யாரோ ஒரு புலவர் எழுதிக் கொடுத்த விருத்தத்தில் "என் ராசாவே" என்று பக்கம் பக்கமாகப் புலம்புவாள்.

ஆனால் பிள்ளைகளின் பெயர் வரிசை மட்டும் துல்லியமாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறி, அதற்குள் ஆள் இருக்கிற இடம்: கனடா, லண்டன், ஜேர்மனி, கொழும்பு. இறந்த பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற". ஊர் சிதறிப்போன கதையை அந்த அடைப்புக்குறிகளை வைத்தே எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என் ஆய்வு. விரிவுரையாளருக்கும் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் தமிழ் ரீச்சர். எழுத்துப்பிழை கண்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் பக்கத்துக் கல்வெட்டுகளின் புரூவ், அச்சுக்கு முந்திய திருத்தப் பிரதி, பெரும்பாலும் என்னிடம்தான் வரும். பரீட்சைத் தாள்களுக்கு நடுவே வைத்துத் திருத்திக் கொடுப்பேன். யாருடையது என்று கூடப் பல வேளை கவனிப்பதில்லை.

### சுத்தமான பிரதி

வீடு வீடாகப் போய்க் கல்வெட்டுகளைச் சேர்த்தேன். அலுமாரித் தட்டுகளிலிருந்தும் சாமிப் படங்களுக்குப் பின்னாலிருந்தும் எடுத்துத் தந்தார்கள். பூச்சிமுட்டை என்ற அந்துருண்டை மணக்கும். பக்கங்களுக்கு இடையே திருநீறு கொட்டும்.

புவனத்தின் மாமனார் கந்தசாமியரின் கல்வெட்டு இரண்டு பிரதி கிடைத்தது. அவர் யுத்தம் முடிந்து இரண்டொரு வருடத்தில் இறந்தவர். ஒரு பிரதி சுழிபுரத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் கிடைத்தது. மற்றது புவனத்தின் பக்கத்து வீட்டில். பக்கத்து வீட்டுப் பிரதியில் பாலேந்திரனின் பெயருக்கு முன்னால் இருந்த சொல் நீலப் பேனையால் வெட்டிக் கிடந்தது. தாள் கிழியுமளவுக்கு அழுத்தி வெட்டியிருந்தது.

பேனை எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுத்தமான பிரதியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது சான்று வேண்டுமே. நூலகத்தில் அந்த மாதப் பத்திரிகைகளைப் புரட்டினேன். கந்தசாமியரின் முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல் அகப்பட்டது. அதிலும் "காலஞ்சென்ற பாலேந்திரன்". கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டு அட்டவணையில் சரி போட்டேன். அந்த விளம்பரத்தை யார் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள் என்று யோசிக்கவில்லை.

நாலாவது வளவில் புவனம் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் என் கையில் பூ வைப்பாள். அந்தப் பொட்டு ஒரு முழத் தூரத்தில் என் முகத்துக்கு நேரே நிற்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று பயம். வாய்மொழிச் சான்றைவிட அச்சில் வந்தது நம்பகமானது என்று அந்தப் பயத்துக்கு ஆய்வேட்டில் ஒரு பந்தி எழுதி வைத்தேன்.

### குணம் அண்ணையின் கட்டு

புவனம் அன்றைக்கு என் வீட்டிலிருந்து எழும்பிப் போகும்போது, செவ்வாய்க்குள் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வெறும் கடிதம் போதாது என்றும் தெரிந்தது. கல்வெட்டில் இருப்பது குடும்பத்தின் வாக்கு இல்லை, லண்டனில் ஒருத்தி தன் பாட்டில் நுழைத்தது என்று காட்ட வேண்டும். அதற்குப் புவனம் எழுதிக் கொடுத்த மூலப் பிரதி வேண்டும்.

அடுத்த நாள் பஸ் ஏறி நல்லூருக்குப் போனேன். ரியூசன் நிலையங்களுக்கு முன்னால் அடுக்கிவைத்த சைக்கிள்களைத் தாண்டி ஓர் ஒழுங்கையில் அந்த அச்சகம். நடத்துபவர் குணம் அண்ணை. ஒருமுறை மருமகனின் பெயர் மாறிப்போய் ஒரு குடும்பம் அவரை அடிக்காத குறையாக ஏசிவிட்டுப் போனது. அன்றிலிருந்து எழுதிக் கொடுத்த தாளையும் திருத்திய புரூவையும் ஒன்றாக ஊசி குத்திக் கட்டி வைத்துவிடுவார். கணினி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"கந்தசாமியற்ரை கல்வெட்டோ? இருக்கும். நான் ஒண்டும் எறியிறேல்லை" என்று ஏணியில் ஏறினார்.

பழைய பால்மாப் பெட்டி ஒன்றை இறக்கினார். தூசியில் இரண்டு பேரும் தும்மினோம். கட்டை அவிழ்த்தபோது முதலில் வந்தது பள்ளிக்கூடக் கொப்பித் தாள், புவனத்தின் கையெழுத்து. மகேந்திரன், அடைப்புக்குறிக்குள் கனடா. யோகேஸ்வரி, அடைப்புக்குறிக்குள் லண்டன். பாலேந்திரன், பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. உள்ளே ஒன்றும் இல்லை. ஓர் ஊரின் பெயர் எழுதப் போதுமான இடம் விட்டு வளைத்திருந்தாள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. புவனம் சொன்னது சரி. இனி யோகம் மாற்றியதற்கு ஒரு அடையாளம் கிடைத்தால் போதும். கீழே இருந்த புரூவை ஆவலோடு திருப்பினேன்.

அச்சிலும் அந்த வெற்று அடைப்புக்குறி அப்படியே இருந்தது. அதைச் சிவப்புப் பேனை ஒன்று குறுக்கே வெட்டி, ஓர் அம்புக்குறி இழுத்து, பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று எழுதியிருந்தது. தாளின் அடியில், "திருத்தியபின் அச்சிடலாம்." அதன் கீழே கையெழுத்து.

எழுதின கையை எழுதினவளுக்குத் தெரியாமல் போகுமா? அது என் கையெழுத்து.

"லண்டனிலை இருந்து யோகம் ஏதும் மாத்தச் சொன்னவவோ அண்ணை?" அப்போதும் கேட்டேன். எப்படியாவது இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியாதா என்ற நப்பாசை.

"இல்லையே. தகப்பன்ரை படத்தைப் பெரிசாப் போடச் சொன்னவ. வேறை ஒண்டும் சொல்லேல்லை. பேப்பருக்கு நன்றி நவிலலும் உதைப் பார்த்துத்தான் நாங்கள் அனுப்பினது. நீங்கள் பார்த்துக் கையெழுத்து வைச்சாப் பிறகு, நாங்கள் ஆரிட்டைக் கேக்கிறது ரீச்சர்?"

தாள் கட்டுகளின் மேலேயே இருந்துவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, முழுவதும் இல்லை, ஒரு மூலை. பத்தாம் வகுப்புத் தாள்களுக்கு நடுவே அந்தப் புரூவ். இடம் இல்லாத அடைப்புக்குறி பிழை என்று கண்ணில் குத்தியது. யார் வீட்டுக் கல்வெட்டு என்று மேலே பார்த்தேன். ஊரில் அடிபட்ட கதை தெரியும். பாவம், எழுத மனம் வரவில்லையாக்கும், அந்தக் கஷ்டத்தை அவளுக்குக் கொடுக்காமல் நானே எழுதிவிடுவோம் என்று நினைத்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்திருக்கிறேன். கல்வெட்டு முதல்நிலை என்றேன். அது என் சொல். பத்திரிகை இரண்டாவது சான்று என்றேன்; அதுவும் என் சொல். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

குணம் அண்ணை இரண்டு தாள்களையும் ஓர் உறையில் போட்டுத் தந்தார். "திருப்பிக் கொண்டு வந்து தாங்கோ" என்றார்.

### வெங்காயம்

பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே புவனத்தின் வளவுக்குப் போனேன். முற்றத்தில் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். காற்றில் சருகுத் தோல் பறந்தது.

உறையைக் கொடுத்தேன். தன் கையெழுத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "பாத்தீங்களே, நான் சொன்னனான்" என்றாள். பிறகு அடுத்த தாளை எடுத்தாள்.

"மச்சாள்ரை எழுத்து உப்பிடி இராதே" என்றாள்.

"புவனம், அது நான்."

விளங்கவில்லை அவளுக்கு. திரும்பவும் சொன்னேன். புரூவ் எப்படி என்னிடம் வந்தது, ஏன் வெட்டினேன், யோகம் ஒரு சொல்லும் மாற்றச் சொல்லவில்லை என்று குணம் அண்ணை சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளும் என்று கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிராது.

ஏசுவாள் என்று நின்றேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவள் ஒரு வெங்காயத்தை எடுத்துக் காய்ந்த தண்டைக் கிள்ளினாள், பனையோலைக் கடகத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"சாகிறதுக்கு முதல் கிழமை மச்சாள் எடுத்தவ" என்றாள். "ஆஸ்பத்திரியிலை இருந்து. மணி அடிச்சுக்கொண்டே இருந்தது. நம்பரைப் பாத்திட்டு நான் எடுக்கேல்லை."

நான் சாக்கின் ஓரத்தில் குந்தினேன்.

"ஏன் கதைக்கிறேல்லை எண்டு அவவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது ரீச்சர். நான் சொல்லேல்லை. தெரிஞ்சுதானே செய்தவ எண்டு நினைச்சன்."

சருகுத் தோல் ஒன்று அவள் தலைமயிரில் ஒட்டியிருந்தது. எடுத்துவிடக் கை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணி பஸ்" என்றாள். "கடிதத்தை வடிவா எழுதிக்கொண்டு வாங்கோ."

### செவ்வாய்க்கிழமை

அலுவலகத்தில் இருந்தவள் இளம் பிள்ளை, நல்ல மரியாதை. குளிரூட்டி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். புவனத்தின் தாளையும் புரூவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரீச்சர், நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா கல்வெட்டு அச்சிலை வந்த ஆவணம். ஆய்வு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. இது ஒரு அச்சகத்துப் பெட்டியிலை கிடந்த தாள். இதை எப்ப, ஆர் கீறினது எண்டு நாங்கள் எப்பிடி உறுதிப்படுத்திறது?"

"கீறினவள்தான் முன்னாலை இருக்கிறன் பிள்ளை."

"அதுதான் ரீச்சர். அண்டைக்கு நீங்கள் எழுதினது பிழையோ, இண்டைக்கு எழுதித் தாறது பிழையோ? மேலிடத்திலை கேட்டால் நான் என்ன சொல்லுறது? அதுகும் ரெண்டு சான்று ஒண்டோடை ஒண்டு ஒத்துப்போகுது."

அவளில் கோபம் வரவில்லை. முன்வாங்கில் இருந்து அதைத்தானே நானும் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டேன். அந்த இரண்டும் ஒரே பேனை என்று மூன்று விதமாக விளக்கிப் பார்த்தேன். அவள் தண்ணீர் தந்தாள்.

புவனம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் எழுதினது பென்சிலாலையோ பேனையாலையோ?"

"பேனையாலை அம்மா."

"அப்ப அதுகும் ஒரு சான்றுதானே."

பிள்ளை தலையைக் குனிந்து ஃபைலில் ஏதோ எழுதினாள். பரிசீலிப்பதாகச் சொன்னாள்.

பரிசீலித்தார்கள். மாரி தொடங்குகிற நேரத்தில் கடிதம் வந்தது. கிடைக்கப்பெற்ற ஆவணங்களின் அடிப்படையில் கோவை, அதாவது ஃபைல், முடிவுறுத்தப்படுகிறது, மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். புவனம் விண்ணப்பிக்கவில்லை. மேன்முறையீடு செய்திருக்கிறாள், இன்றுவரை பதில் இல்லை.

நூலகத்துக்குப் போய் என் ஆய்வேட்டில் அந்த ஒரு சொல்லை வெட்ட அனுமதி கேட்டேன். ஏற்றுக்கொண்ட பிரதியில் கை வைக்க முடியாது என்றார்கள். முன்பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாம் என்று இரங்கினார்கள். ஒட்டினேன். பிறகு போய்ப் பார்த்தபோது பசை காய்ந்து விழுந்திருந்தது. திரும்பவும் ஒட்டிவிட்டு வந்தேன். இதற்கிடையில் வேறு யாரோ ஓர் ஆய்வில் என் அட்டவணையை மேற்கோள் காட்டியிருப்பதாக என் பழைய விரிவுரையாளர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் இப்போது முதல்நிலையோ இரண்டாம் நிலையோ, அவளிடம் கேட்கவில்லை.

புரூவ் பார்ப்பதை விட்டுவிட்டேன். கல்வெட்டுக் கொண்டு வருகிறவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். கண்ணில் ஒரு பழுதும் இல்லை.

இதை எழுதுவதற்கு முன் புவனத்திடம் போய்ப் பெயர்களைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்கோ. ஆனா அச்சுக்குப் போக முதல் எனக்குக் காட்டுங்கோ" என்றாள். ஆகவே இந்த வாரப் பக்கத்தின் புரூவை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். மச்சாளின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைத் தானே எழுதிச் சேர்த்தாள். அடியில் அச்சிடலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தவளும் அவள்தான்.

அச்சுக்கோப்பவரிடம் ஒரு வேண்டுகோள். கடைசி வரியில் இடம் விட்டிருப்பது பிழையில்லை. தயவுசெய்து அதை நிரப்பவோ எடுக்கவோ வேண்டாம்.

அமரர் கந்தசாமி: மகேந்திரன் (கனடா), காலஞ்சென்ற யோகேஸ்வரி (லண்டன்), பாலேந்திரன் (                    ) ஆகியோரின் அன்புத் தந்தை.